மூன்று கிலோ அரிசியும் சுவருக்குள் இடித்த குழாயும்

மச்சாள்,

இன்றைக்கு உன் பையைத் திறந்தேன். கோபிக்காதே. நீ போய் இரண்டு வருஷமாக அது அலுமாரிக்கு மேல்தான் கிடக்கிறது. சிப்பை இழுத்ததும் குழாய் ஒட்டுகிற பசையின் வாசம் மூக்கில் அடித்தது. டப்பாவின் மூடியை நீ ஒருநாளும் ஒழுங்காக இறுக்கியதில்லை. பசை காய்ந்து கல்லாகிவிட்டது, வாசம் மட்டும் போகமாட்டேன் என்று நிற்கிறது. உன் கையிலும் சட்டையிலும், நீ தேத்தண்ணி குடித்து வைத்த கோப்பையிலும்கூட அந்த வாசம்தான் இருக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உன்னைத் திட்டியிருக்கிறேன். இன்றைக்குப் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

பையைத் திறந்தது இது இரண்டாம் முறை. இரண்டு மாதத்துக்கு முன், மஞ்சள் பிடி போட்ட உன் நீட்டு ஸ்குறூ டிரைவரை உன்னிடம் கேட்காமல் எடுத்தேன். அதைத் திருப்பி வைக்கத்தான் இன்றைக்குத் திறந்தேன். வைக்குமுன், எதற்கு எடுத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்தச் சத்தம் திரும்ப வந்துவிட்டது, மச்சாள்.

அப்போது ஒருநாள் நடுமத்தியானம். குசினிக்குள் சோறு வடித்துக்கொண்டு நின்றேன். சுவருக்குள்ளிருந்து 'தொம்' என்று ஒன்று. ஒரேயொரு தரம். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, நான் நிலத்தில் குப்புறக் கிடக்கிறேன் என்பதுதான். இரண்டு கையும் தலைக்கு மேல், வாய் திறந்தபடி. பானை ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம், கஞ்சி ஆவி பறக்க என் முழங்கையை நோக்கி ஓடி வருகிறது. நானோ எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. தூரத்தில் ஷெல் ஏவுகிற சத்தம் கேட்டால் அது வந்து விழுவதற்குள் எத்தனை எண்ணலாம் என்று எங்கள் பக்கத்துச் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சண்டை முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் வாய் தன்பாட்டில் எண்ணுகிறது.

மதுரா குசினி வாசலில் வந்து நின்றாள். சண்டை நேரம் பதுங்கிக் கிடந்த பங்கர் குழிக்குள் உன் மடியிலும் என் மடியிலும் மாறி மாறி இருந்த அதே மதுராதான். அப்போது அவளுக்கு வயிற்றில் எட்டு மாதம். முதல் பிள்ளை, அதனால் முறைப்படி தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைத் தூக்கக் குனியவும் முடியாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எழும்புங்கோ. பைப் தானம்மா அது."

"தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சா பிறகேன் படுத்திருக்கிறியள்?"

தலைக்குத் தெரிகிறது. முழங்காலுக்கும் கைக்கும் யாரும் இன்னும் சொல்லவில்லை. நீ இருந்திருந்தால் "பயந்தாங்கொள்ளி மச்சாள்" என்று சிரித்து அந்த இடத்தை ஒரு மாதிரிச் சமாளித்திருப்பாய். அவள் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் கதிரையில் சாய்ந்துகொண்டு, தன் வயிற்றைப் பார்த்தபடி கேட்டாள்.

"அம்மா, பிள்ளை உங்கட கையில இருக்கேக்க இந்தச் சத்தம் கேட்டா?"

நானும் மத்தியானத்திலிருந்து என்னிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வவுனியா மாமி அங்க வரச்சொல்லி ஒரே கேக்கிறா," என்றாள், தன் மாமியாரைச் சொல்லி. "நான் போறன் எண்டு சொல்லேல்லை. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு."

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட, சுடுதுணியால் வேது பிடிக்க, மடியில் போட்டு வைத்திருக்க எத்தனை ஆசையாகக் காத்திருந்தேன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் என் கையை எனக்கே நம்பிக்கையில்லை என்றால், அவளை எப்படி நம்பச் சொல்வது?

அடுத்த நாள் செய்ததை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். மூன்று கிலோ சிவப்பரிசியை அளந்து ஒரு பையில் கட்டினேன். அதைத் துவாயால் சுற்றினேன். கழுத்து இருக்கிற பக்கம் என்று ஒன்றை நானே முடிவு செய்து, முழங்கை மடிப்பில் வைத்துக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் நின்றேன். மதுரா அறைக்குள் மத்தியான நித்திரை. வெளியே கிணற்று மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டர் நிற்கும்போதுதான் சத்தம் வருகிறது என்று அதற்குள் கவனித்திருந்தேன். ஆனால் அது எப்போது நிற்கும் என்று தெரியாது. மருமகன் போன தடவை வந்தபோது, மேலே தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் தானாகவே மோட்டர் நிற்கிற சுவிட்ச் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். மாமியார் இந்த வெயிலில் கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம். நல்ல பிள்ளை அவர், குறை சொல்லவில்லை.

கால் மணித்தியாலம் நின்றிருப்பேன். வேர்த்து ஊற்றியது. சத்தம் வரப்போகிறது என்று தெரியும், பைப் தான் என்று தெரியும், பிடித்திருப்பது அரிசி என்றும் தெரியும். விடமாட்டேன், விடமாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

தொம்.

கண்ணைத் திறந்தபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன். கை இரண்டும் தலையில் இருந்தன. பை சுவரோரம் வெடித்துக் கிடந்தது. அரிசி குசினி முழுக்கச் சிதறிக் கிடந்தது. பிறந்த பிள்ளை ஒன்றின் பாரம், மச்சாள். மதுரா எழும்புமுன் கூட்டி அள்ளினேன், மூலைகளில் கிடந்ததை மணிமணியாகப் பொறுக்கினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பயம் பார்த்திருக்கிறேன், நீயும் பக்கத்தில் இருந்துதான் பார்த்தாய். அதெல்லாம் வெளியிலிருந்து வந்த பயம். என் கையைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான்.

அதன் பிறகுதான் உன் பையைத் திறந்தேன்.

நினைவிருக்கிறதா, சண்டை முடிந்து நாங்கள் எங்கள் காணிக்கு, இந்த வளவுக்குத் திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டி முடித்த காலம்? பெண்களுக்குத் தொழில் பழக்குகிறார்கள் என்று அறிவித்தார்கள். எல்லாரும் தையலுக்குப் பெயர் கொடுக்க நீ மட்டும் பைப் வேலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாய். ஏனடி என்று கேட்டதற்கு, "தையலுக்கு வரிசை நீளம் மச்சாள், எனக்கு வெயில் சரிவராது" என்றாய். பிறகு பரந்தன் சந்தியிலிருந்து உள்ளே எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் அதே வெயிலில் சைக்கிளில் பைப் கட்டிக்கொண்டு திரிந்தாய்.

எங்கள் வீட்டில் முதலில் வந்தது வேறு சத்தம். குளியலறைப் பைப்பைப் பாதி திறந்தால் 'ஙீ' என்று ஒரு இரைச்சல். அந்த நாளில் தலைக்கு மேல் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டு நிற்கிற ஆளில்லா விமானத்தைச் சனம் வண்டு என்றுதானே சொல்லும். அசல் அதே இரைச்சல். நான் பாதிக் குளிப்பில் ஈரச்சேலையோடு வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்த்தேன். நீ உள்ளே போய்ப் பைப்பைக் கழற்றி, உள்ளே தேய்ந்து தொங்கிய ரப்பர் வாசரைக் கையில் கொண்டுவந்து காட்டினாய். தண்ணீர் போகும்போது இது துடிக்கிறது, அதுதான் பாட்டு என்று விளங்கப்படுத்தினாய்.

"வண்டை அடிச்சு விழுத்தியாச்சு மச்சாள். இந்தாங்கோ அதின்ர உடம்பு."

அந்த வாசரைக் கொஞ்சக்காலம் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நீ அதற்கும் சிரித்தாய்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தத் தொம். அதற்கு நீ இரண்டு நாள் எடுத்தாய். ஸ்குறூ டிரைவரின் நுனியைக் குழாயில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய். டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரித்தான். மோட்டரை நிறுத்துகிற வேலை எனக்கு. "இப்ப நிப்பாட்டுங்கோ" என்பாய். நான் சுவிட்சைத் தட்டிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவேன். நீ அந்தச் சத்தத்தின் வாயிலேயே காதை வைத்துக்கொண்டு நிற்பாய். பிறகு இரண்டடி தள்ளிப் போவாய். திரும்ப, "இப்ப நிப்பாட்டுங்கோ."

அப்போது நீ சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "சத்தத்துக்கு ஒரு இடம் இருக்கும் மச்சாள். இடத்தைக் கண்டுபிடிச்சா அரைவாசிப் பயம் போயிடும்."

"மிச்ச அரைவாசி?"

"அது எங்களோடதான் கிடக்கும். அதுக்கு நான் பைப் பூட்டேலாது."

கடைசியில் நீ கண்டது இதுதான். மோட்டர் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால், குழாய்க்குள் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அத்தனையும் ஒரே பாரமாகக் கீழே திரும்புகிறது. திரும்ப விடாமல் தடுக்கிற வால்வு மோட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கதவு படாரென்று மூட, தண்ணீர் அதில் போய் மோத, குழாய் முழுக்கக் குலுங்கி இடிக்கிறது. நீ மோட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு வால்வு பூட்டினாய், கையால் திருகுகிறது. "முதல்ல இதை மெல்ல மெல்ல மூடுங்கோ. முழுக்க மூடின பிறகு சுவிட்சை நிப்பாட்டுங்கோ. தண்ணி ஓடாட்டி எதை இடிக்கிறது?" சத்தம் அன்றோடு நின்றது. பிறகு எத்தனையோ வருஷம், நாளுக்கு இரண்டு முறை, பூட்டில் திறப்பைத் திருகுகிற மாதிரி மெல்ல மெல்ல அதை மூடிக்கொண்டே இருந்தேன். மூடுகிறேன் என்ற எண்ணம்கூட இல்லாமல் மூடினேன்.

ஆனால் அன்று நான் இன்னொன்றும் கேட்டேன். தண்ணீர் எல்லார் வீட்டிலும்தானே திரும்புகிறது, எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி இடிக்கிறது என்றேன். கிணற்றடிக்கும் குசினிச் சுவருக்கும் நடுவில், முருங்கைக்குப் பக்கத்தில், நீ ஸ்குறூ டிரைவரை மண்ணில் குத்தி நெடுநேரம் காது வைத்திருந்ததைப் பார்த்தேன். நீ எழும்பிக் கையைத் தட்டிவிட்டு, "கீழ கல்லு மச்சாள், கிண்டேலாது" என்றாய்.

எங்கள் வளவில் ஏது கல்? முழுக்கக் களிமண். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்ததால், கல் என்று சொன்னதை நான் ஒத்துக்கொண்டேன்.

இப்போது உன் ஸ்குறூ டிரைவரைக் காதில் வைத்து நின்றேன், மச்சாள். மோட்டரை நிறுத்துகிற வேலை மதுராவுக்கு. வயிற்றைத் தூக்கிக்கொண்டு சுவிட்சுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நிப்பாட்டவோ?"

"கொஞ்சம் பொறு."

"பொறுத்துப் பொறுத்து எனக்குப் பிள்ளைநோ கண்டிடும் போல கிடக்கு. நிப்பாட்டவோ?"

"ஓம்."

முதல் தடவை ஸ்குறூ டிரைவரை எறிந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் எறிந்தேன். மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். குசினிச் சுவரில் குழாயைப் பிடித்திருக்கிற கிளாம்ப் தளர்ந்து, குழாய் சுவரில் அடிக்கிறது. அது காரணமில்லை, அது எதிரொலி. வெளிச்சுவரில் கேட்டேன். மண்ணில் குத்திக் குத்திக் கேட்டுக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போனேன். முருங்கைக்குப் பக்கத்தில் அந்தத் தொம் பிடி வழியாக வந்து என் தாடை எலும்பை உலுப்பியது. மண்ணும் அந்த இடத்தில் ஈரமாக இருந்தது. குழாயின் பொருத்து ஒன்று விடத் தொடங்கியிருக்க வேண்டும்.

இடத்தைக் கண்டாயிற்று. ஆனால் அரைவாசிப் பயம் போகவில்லை, மச்சாள். இரண்டு மடங்காயிற்று. ஏனென்றால் அது எங்கள் பங்கர்.

மருமகன் பூட்டிய சுவிட்சைக் கழற்றிவிட்டுப் பழையபடி கையால் மூடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மதுரா விடவில்லை. "நீங்கள் என்னோட ஆஸ்பத்திரியில நிக்கேக்க ஆர் மூடுறது? ஒருநாள் மறந்தா? உங்கட கையில பிள்ளை இருக்கிற நேரம் நான் மறந்தா?" என்றாள். சரிதானே. நீ தந்தது நல்ல மருந்து, ஆனால் நோய் மண்ணுக்குள் அப்படியே இருந்தது.

நாங்கள் செய்த பிழை அது. திரும்பி வந்த நாளில் வளவில் வீடு இல்லை, கிணறு பாதி, அந்தக் குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வளவு முழுக்கப் பார்த்து, பயமில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அதற்குள் இன்னொரு முறை இறங்க எங்கள் இரண்டு பேருக்கும் கால் வரவில்லை. கூரையாகப் போட்ட பனங்குற்றியை எடுக்கவில்லை, மண் மூட்டையைப் பிரிக்கவில்லை. மேலே நின்றே உடைந்த ஓடுகளையும் மண்ணையும் தள்ளி ஒரே நாளில் மூடினோம். தண்ணீர் விட்டு மிதிக்க வேண்டும் என்று தெரியாதவர்களா நாங்கள்? வயல் வரம்பு கட்டிப் பழகிய கால்கள். ஆனால் அதன் மேல் நின்று மிதிக்க முடியவில்லை. வீடு கட்ட வந்த மேசனுக்கும் அந்த இடத்தில் குழி இருந்தது என்று சொல்லவில்லை. அவர் அதற்கு மேலேயே பைப்பைப் போட்டு மூடிவிட்டுப் போனார். குற்றிகள் உக்கியிருக்க வேண்டும், மண் இறங்கியிருக்க வேண்டும், குழாய் அந்தரத்தில் தொங்குகிறது. இந்தப் பக்கத்தில் எத்தனை வளவில் இப்படிப் பொந்துகளுக்கு மேல் பைப் ஓடுகிறதோ.

ஒரு காலை வெயில் ஏறுமுன் மண்வெட்டியோடு போனேன். ஆள் பிடிக்கலாம் என்று மதுரா சொன்னாள். வேறொருவர் அதைத் திறந்து, என்ன என்று என்னைக் கேட்பதை நினைக்கவே முடியவில்லை. வெட்டவில்லை, சுரண்டினேன். ஒவ்வொரு தரமும் மண்வெட்டி எதிலாவது தட்டுப்பட்டால் அதை விட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். கண்ணிவெடிக்காரர் பார்த்தார்கள், பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டேன். தட்டுப்பட்டதெல்லாம் ஓட்டுத்துண்டு. முழங்கால் ஆழத்தில் குழாய் வந்தது. அதற்குக் கீழே மண்வெட்டியை வைத்தேன். மண் இல்லை. கை விட்டால் கை உள்ளே போனது. குளிர்ந்த காற்று வந்தது. அந்தக் காற்றின் வாசம் பட்டதும் நான் பின்னுக்குப் போய் முருங்கையில் மோதினேன். அது மாறவே இல்லை, மச்சாள்.

பிறகு உள்ளே நீலமாக ஏதோ தெரிந்தது. இழுத்தேன். உன் நைலக்ஸ் சேலை. உரப்பை முடிந்துபோய், மூட்டை போதாமல், நீ சேலையைக் கிழித்து மூட்டை தைத்தாயே, அந்தச் சேலை. பனங்குற்றி உக்கிவிட்டது, உன் தையல் பிரியவில்லை. தையல் வகுப்புக்குப் போகாதவளின் தையல்.

மதுரா மெல்ல நடந்து வந்து குழியோரம் நின்றாள். எட்டு வயதில் அதற்குள் இருந்தவள்.

"இவ்வளவு சின்னனாம்மா அது?"

"ஓம்."

"எனக்கு ஒண்டுதான் ஞாபகம். நீங்கள் பிடிச்ச பிடியில என்ர கை நீலமாப் போட்டுது. எங்கட மாமிதான் எண்ணெய் பூசிவிட்டவா." உன்னைத்தான் சொன்னாள். "ஒவ்வொரு சத்தத்துக்கும் இன்னும் இறுக்கிப் பிடிப்பியள். நோகுது எண்டு அழுதனான். நீங்கள் விடேல்லை," என்றாள்.

நான் மறந்துபோயிருந்தேன். எனக்கு நினைவிருந்ததெல்லாம் என் பயம்தான்.

இனி வேலையைச் சொல்கிறேன், நீ சரி பார். பொருத்து விட்ட இடத்தை வெட்டிப் புதிதாக ஒட்டினேன். பசையை நிறையப் பூசவில்லை, நீ சொல்வாயே, வழிந்தால் உள்ளே அடைக்கும் என்று. பொந்தை மண்ணால் நிரப்பி, தண்ணீர் விட்டு, இந்த முறை மேலே ஏறி நின்று மிதித்தேன். ஒவ்வொரு மிதியிலும் அழுகை வந்தது, அழுதுகொண்டே மிதித்தேன். குழாய்க்குக் கீழே இரண்டடிக்கு ஒரு செங்கல் வைத்தேன். குழாய்க்கும் கல்லுக்கும் நடுவில் உன் சேலைத்துண்டை மடித்து வைக்க ஆசைப்பட்டேன். "சீலையை வைச்சு என்ன செய்யிற? ரியூப்பை வெட்டிப் போடுங்கோ மச்சாள்" என்று நீ சொல்வது கேட்டது. பழைய சைக்கிள் ரியூப்பைத்தான் வெட்டிச் சுற்றினேன். சுவரில் கிளாம்புகளுக்குள்ளும் ரியூப் வைத்து இறுக்கினேன். பரந்தன் சந்திக் கடைக்காரரிடம் கேட்டு, படாரென்று மூடாத, உள்ளே ஸ்பிரிங் போட்ட வால்வு வாங்கி மோட்டருக்குப் பக்கத்தில் மாற்றினேன். அது தண்ணீர் திரும்புமுன்பே மெல்ல மூடிக்கொள்ளுமாம். சேலையை மடித்துத் திரும்ப அதே இடத்தில் வைத்து மண்ணைப் போட்டேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் அரிசிப்பையோடு குசினிக்குள் நின்றேன். இந்த முறை மதுரா பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன என்று கேட்டாள், சொன்னேன். மோட்டர் நின்றது. 'டிக்' என்றது, அவ்வளவுதான். அரிசி என் கையில் இருந்தது.

அவள் வவுனியாவுக்குப் போகவில்லை.

ஆனால் மச்சாள், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் நிறுத்தியது ஒரு குழாயை. உலகத்தில் இருக்கிற மற்றச் சத்தங்களை என்ன செய்வேன்? ஸ்பிரிங் வால்வு போட முடியாதவை எத்தனை? பிள்ளை பிறந்தாள். பெண்பிள்ளை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நாட்களில் நான் அவளை நிலத்தில் பாய் போட்டு, பாயில் உட்கார்ந்துதான் வாங்கினேன். விழுந்தாலும் பாயில்தானே என்ற கணக்கு.

இந்த இடத்தில் உன் கடைசி நாட்களைச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கதைக்கிற நிலையில் நீ இல்லை, கண்ணும் மூடியிருந்தது. உன் கை என் கைக்குள் இருந்தது. விறாந்தையில் எங்கோ கதவு ஒன்று காற்றில் அடித்தது. உன் பெருவிரல் என் உள்ளங்கையில் அழுத்தியது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். மூன்று, நான்கு, ஐந்து. ஒரே சீராக. நீ எண்ணினாய், மச்சாள். எத்தனை வருஷம் பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொன்னாய்! அந்தச் சத்தத்தில் காதை வைத்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு முறையும் நீ உள்ளுக்குள் எண்ணிக்கொண்டுதான் நின்றிருக்கிறாய். கல் என்று சொன்னது என்னைக் காப்பாற்ற என்று நினைத்திருந்தேன். உனக்கும் அந்தக் குழியைத் திறக்க முடியவில்லை. அதைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று நினைக்கும்போது நீ கேட்கிற தூரத்தில் இல்லை.

முந்தநாள் பின்னேரம். பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்து, நெற்றியில் பொட்டு வைத்துத் தந்துவிட்டு மதுரா சாப்பிடப் போனாள். நான் முதன்முதலாக எழும்பி நின்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் நடந்தேன். வீதியில் கல் ஏற்றி வந்த டிப்பர் ஒன்று பின்கதவைப் படாரென்று விட்டது.

தொம்.

உடம்பு நிலத்துக்குப் போனது, அது எனக்குக் கட்டுப்படாது. ஆனால் குப்புறப் போகவில்லை. முதுகு சுவரில் உரஞ்சிக்கொண்டு கீழே இறங்கியது, மெல்ல, அந்த வால்வை மூடுகிற மாதிரி. கை இரண்டும் தலைக்குப் போகவில்லை. பிள்ளையைச் சுற்றி இறுகிப்போய் இருந்தன. மதுரா சொன்ன அதே பிடி. நோகுமோ என்று பயந்து கொஞ்சம் தளர்த்தினேன்.

எண்ணவில்லை என்று சொல்லமாட்டேன். எண்ணினேன். வாய் எண்ணவில்லை, விரல் எண்ணியது. அவளுடைய முதுகில், உன் விரல் மாதிரியே, ஒரே சீராக. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் அதைத் தட்டிக்கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஒரு கொட்டாவி விட்டு, என் கழுத்தில் முகத்தை வைத்து நித்திரையாகிவிட்டாள்.

சோற்றுக்கையோடு ஓடி வந்த மதுரா எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

உன் ஸ்குறூ டிரைவரைப் பைக்குள் திருப்பி வைக்கத்தான் வந்தேன். வைக்கவில்லை. குசினிச் சுவரில் ஆணி அடித்து மாட்டப்போகிறேன், அதை நீ எனக்குத் தந்ததாக இருக்கட்டும். பயம் என்னோடுதான் இருக்கிறது, நீ சொன்ன அந்த மிச்ச அரைவாசி. முந்தநாள் நான் பத்து வரைக்கும் எண்ணினேன், மச்சாள். ஒன்றும் விழவில்லை.